நிழலற்ற நண்பகல்

1977இல் தியெரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர், அபிஜான்–நீஸ் பந்தயத்தின்போது மோட்டார் சைக்கிளோடு சஹாராவில் வழி தவறினார். உயிர் மீண்டவர் மணலை வெறுக்கவில்லை; மறு ஆண்டு டிசம்பரிலேயே பாரிஸ்–டாக்கார் ஓட்டத்தைத் தொடங்கினார். 2020 முதல் அவ்வோட்டம் சவூதி மண்ணில் நடைபெற்று வருகிறது. பிழைப்புக்காக ரியாத் சென்றிருந்த எங்கள் மூவரையும் அந்த ஆவல் பற்றிக்கொண்டது.

விடுமுறை நாளொன்றில் சுபுஹு தொழுதுவிட்டு, தஹ்னாவின் செம்மணலுக்குப் புறப்பட்டோம். தார்ச்சாலை முடிந்த இடத்தில் டயர்களின் காற்றைக் குறைத்தோம். தளர்ந்து அகன்ற டயர் எளிதில் புதையாது. மணலில் முன்சக்கரம் தடுமாறுகையில், அஞ்சிய கை ஆக்சிலேட்டரைத் தளர்த்தும். தளர்த்தினால் சக்கரம் புதைந்து ஆளைக் கவிழ்த்துவிடும். எழுந்து நின்று, உடலைச் சற்றே பின்சாய்த்து, தொலைவை நோக்கியபடி வேகத்தை விடாது செல்லவேண்டும். இதைக் கற்பதற்குள் எத்தனை முறை விழுந்தோமென்று வீட்டாரிடம் சொன்னதில்லை!

ஆயினும் ஒன்றை நாங்கள் கற்றிருக்கவில்லை. உச்சிவெயிலில் மணல்மேட்டுக்கு நிழலில்லை. மறுபுறம் சரிவா, செங்குத்தா என்பது கண்ணுக்குப் புலப்படாது. முன்சென்ற இளைய தோழர் ஒரு மேட்டின் உச்சியில் மறைந்தார். எஞ்சின் ஒலி அறுந்தது.

பெயர் சொல்லிக் கூவினோம், மறுமொழி இல்லை. நடந்தே ஏறினோம். கீழே, அவர் காலின்மேல் வண்டி கிடந்தது; சூடான புகைக்குழாய் காற்சட்டையைப் பொசுக்கியிருந்தது. மணல் மெத்தென்றிருந்ததால் எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். "உம்மாவிடம் சொல்லிவிடாதீங்க, காக்கா" என்பதே அவரது முதற்பேச்சு.

திரும்புகையில் ஒவ்வொரு மேட்டின்முன்னும் வண்டிகளை நிறுத்தி, ஒருவர் நடந்தேறிப் பார்த்த பின்னரே மற்றவர் ஏறினோம். காலையில் ஒரு மணி நேரத்தில் கடந்த வழி, அஸருக்குப் பின்னும் முடியவில்லை.