மழைக்கு முன் ஒருமுறை மாடியேறுங்கள்

கூரை செம்மையாயிருந்தால்தான் குடும்பம் நிம்மதியாக உறங்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டபின் திருச்சியில் எத்தெருவிற்குள் நுழைந்தாலும், ஒழுகும் இடந்தோறும் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளைக் காண்கிறோம். அவ்வேளையில் கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஈரத்தில் பூசிய பூச்சு நில்லாது. ஆகவே, வெயில் காயும் நாளிலேயே சில செய்திகளைச் சொல்லிவைப்பது நலம் எனக் கருதுகிறோம்.

திருவரங்கத்து வீதிகளில் பழைய வீடுகள் பலவற்றின் தளம் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் வகையைச் சேர்ந்தது. மரக்கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்து, நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது.

அங்கு நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் அத்தகைய தளம் ஒழுகியது. மேலே இரண்டங்குலக் கனத்திற்கு சிமெண்டுக் கலவை போட்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, பெயர்த்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தை அதற்கு எடுக்க அவர் துணிந்துவிட்டார். நல்லவேளையாக, முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் மேலே எதையும் பாராமல், கீழே நின்று, சுவருக்குள் செல்லும் கட்டை முனையை உளியால் குத்தினார். உளி பாதிவரை இறங்கிற்று. அம்முனைக்கு நேர் மேலே மழைநீர்க் குழாயின் வாய் சருகால் அடைபட்டு, அருகே அரசங்கன்று வேர்விட்டிருந்தது. அம்முனைக்கு நேர் கீழேதான் ஆசிரியரின் தாயார் படுக்கும் கட்டில்! அன்று மாலையே கட்டிலைக் கூடத்திற்கு மாற்றினோம்.

கணக்கிட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையின்மேல் இரண்டங்குலக் கலவை போட்டால் ஏறும் பாரம் ஒரு டன்னுக்கும் அதிகம். உளுத்த கட்டை அதைத் தாங்குமோ? மேலும், சுண்ணாம்புத் தளம் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்டோ அதை உள்ளே அடைத்து மரத்தை மேலும் உளுக்கச் செய்யும். கொத்தனார் முட்டுக்கொடுத்துக் கட்டையை மாற்றினார், வேரை முழுதும் எடுத்தார், குழாயைத் துப்புரவாக்கினார், வெடிப்பைச் சுண்ணாம்பினாலேயே அடைத்தார். ஒழுக்கு நின்றது, கட்டணப் பணத்திலும் பெரும்பகுதி தப்பியது.

அவ்வூர்ப் பெருங்கோயிலும் இதற்குச் சான்று. மரபு முறைகளில் அதைப் புதுப்பித்து, பழைய மழைநீர் வடிகால்களை மீண்டும் இயங்கச் செய்த பணிக்கு, 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கோயிலாயினும் குடிசையாயினும் நீருக்கு வழிவிடுவதே முதல் வேலை.

மற்றக் கூரைகளுக்கும் சில சொற்கள். ஓட்டு வீடாயின், உடைந்த ஓட்டை மாற்றுவதோடு, அதைத் தாங்கும் ரீப்பர்களையும் கரையான் அரித்துள்ளதா எனப் பாருங்கள். கான்கிரீட் தளமாயின், அடிப்புறத்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கக்கூடும். மேலே பூசி மறைப்பதால் பயனில்லை, பொறியாளரை அழைப்பதே முறை. கல்நார்த் தகடுகளை அறுக்கவும் துளையிடவும் வேண்டா. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைக்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் தூசியே நஞ்சு. தகரக் கூரையாயின் ஆணிகளையும் கொக்கிகளையும் இறுக்குங்கள். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எத்தனை கூரைகள் பறந்தன என்பதை நம் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள்.

அன்புக் குடும்பத்தாரே, புரட்டாசி முடியுமுன் ஒருநாள், வெயில் தாழ்ந்தபின் மாடியேறுங்கள். ஒரு துடைப்பமும் ஒரு கூடையும் போதும். சருகை அள்ளுங்கள், முளைத்த கன்றை விரலளவாய் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். ஓட்டின்மேலோ தகட்டின்மேலோ மட்டும் நீங்களே ஏறாதீர்கள்; பழகிய ஆளை அமர்த்தி, ஏணியைப் பிடிக்க ஒருவரையும் நிறுத்துங்கள். கூரையைக் காக்கப்போய் உயிரை இழத்தல் எவ்வீட்டிற்கும் வேண்டா.