கேம் இருக்கு, கையேடு எங்கே?

பிரஷர் குக்கர் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். கேஸ்கட்டை எப்படிக் கழற்றுவது, வெயிட்டை எப்படிக் கழுவுவது, ஆவி ஒழுங்காக வராவிட்டால் என்ன செய்வது என்று நாலைந்து மொழிகளில் எழுதியிருப்பார்கள். வாங்கிய அன்று யாரும் அதைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் என்றைக்காவது குக்கர் முரண்டு பிடிக்கும்போது, "அந்தப் புக்கை எங்கப்பா வச்சோம்?" என்று வீடே தேடும். தேடினால் கிடைக்கும். அதுதான் முக்கியம்.

இப்போது மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வீடியோ கேம் வாங்கிப் பாருங்கள். பெட்டியைத் திறந்தால் டிஸ்க் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு துண்டுத்தாள் இருக்கும். அதில் மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையும், பொடி எழுத்தில் நிபந்தனைகளும் இருக்கும். விளையாடுவது எப்படி என்று ஒரு வரி கூட இருக்காது. டவுன்லோடு செய்து வாங்கினால் அந்தத் துண்டுத்தாளும் கிடையாது!

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1980-களில் வந்த நின்டெண்டோ கேசட்டுகளோடு கதை, எதிரிகளின் படம், ஆயுதங்களின் பயன் எல்லாம் அடங்கிய புத்தகம் வரும். 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'வோடு பாதி வரைந்த வரைபடமே தந்தார்கள். மீதியை விளையாடுபவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். 1998-ல் வந்த 'ஃபால்கன் 4.0' என்ற போர் விமான கேமின் கையேடு சுமார் 600 பக்கம். பி.காம். மாணவர்களின் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குப் போட்டியாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் கையேடு இல்லாமல் சில கேம்களை முடிக்கவே முடியாது. 1990-ல் வந்த 'ஸ்டார்ட்ராபிக்ஸ்' பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. கேமில் ஒரு கட்டத்தில் அந்தக் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். நிஜக் கடிதத்தை நிஜத் தண்ணீரில்! நனைத்தால் 747 என்ற எண் தெரியும். அது இல்லாமல் மேலே போக முடியாது. கேசட்டை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்கள் பாவம், அங்கேயே நின்றார்கள். 1998-ல் 'மெட்டல் கியர் சாலிட்' அதே வேலையைச் செய்தது. ஒரு பாத்திரத்தோடு பேச வேண்டிய ரேடியோ அலைவரிசை 140.15 என்பது சிடி பெட்டியின் பின்னட்டையில்தான் இருந்தது. பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறையில் நகல் சிடி வாங்கியவர்களிடம் பின்னட்டை ஏது?

இந்தக் கதைகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடிதமும் அட்டையும் கேமின் பகுதிகள். கேசட் பாதி, காகிதம் பாதி. இரண்டும் சேர்ந்ததுதான் விற்கப்பட்ட பொருள்.

பிறகு காகிதம் மெலிந்தது. முதலில் வண்ணம் போய்க் கறுப்பு வெள்ளை ஆனது. பிறகு நாலு பக்கம் ஆனது. 2010 ஏப்ரலில் யூபிசாஃப்ட் நிறுவனம், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களுக்கு இனிக் காகிதக் கையேடு இல்லை, கேமுக்குள்ளேயே டிஜிட்டல் கையேடு தருகிறோம் என்று அறிவித்தது. சொன்ன காரணம் சுற்றுச்சூழல், மரங்கள். அடுத்த ஆண்டே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் அந்த வழிக்கு வந்தது. மரம் பிழைத்தால் நல்லதுதான், யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பல கேம்களில் அந்த டிஜிட்டல் கையேடு எந்தப் பட்டனை அழுத்தினால் குதிக்கும் என்று காட்டும் ஒரே ஒரு படமாகச் சுருங்கிவிட்டது. போனது காகிதம் மட்டுமல்ல, விளக்கமும் சேர்த்துத்தான்.

விலை குறைந்ததா? அமெரிக்காவில் 2010-ல் பெரிய கேமின் விலை 60 டாலர். 2020 முதல் பல கேம்களுக்கு 70 டாலர். பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் இது பெரிய உயர்வு இல்லை என்று நிறுவனங்கள் வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள்: ஒரு செலவை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் அது மறைந்துவிடாது, வேறு யாருடைய ஏட்டிலோ ஏறியிருக்கும். விளக்கம் எழுதும் செலவு இப்போது வாங்குபவரின் நேரமாக மாறியிருக்கிறது. நேரத்துக்கு ரசீது கிடையாது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால், ஒரு கேமை முதன்முதலாகக் கணினியில் போடும் வீட்டுக்குப் போக வேண்டும். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்ததும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, ஆம்பியன்ட் அக்ளூஷன்னா என்னண்ணா?"

"தெரியலடா. ஆஃப்ல வை."

"அனிஸோட்ரோபிக் ஃபில்டரிங்?"

"அதையும் ஆஃப் பண்ணு."

"வி-சிங்க்?"

"டேய், எல்லாத்தையும் லோவுல வச்சுட்டு வாடா, விளையாடலாம்!"

அண்ணன் மேல் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் முப்பது நாற்பது பெயர்கள் இருக்கும், ஒன்றுக்கும் விளக்கம் இருக்காது. இருந்தாலும் 'டெக்ஸ்சர் தரம்: டெக்ஸ்சரின் தரத்தை மாற்றும்' என்ற ரகத்தில் இருக்கும். தண்ணீர் என்றால் தண்ணீர்!

சொல்ல முடியாத ரகசியமா அது? ஆம்பியன்ட் அக்ளூஷன் என்பது சுவர் மூலை, மேஜைக்கு அடி போன்ற இடுக்குகளில் விழும் மெல்லிய நிழல். அனிஸோட்ரோபிக் ஃபில்டரிங் என்பது தூரத்துத் தரை மங்காமல் தெளிவாகத் தெரிவதற்கு. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அது பெரிய சுமையே இல்லை, அண்ணன் அதை அணைத்தது வீண். டெக்ஸ்சர் தரம் கார்டின் நினைவகத்தைப் பொறுத்தது. நினைவகம் போதுமானால் உயர்த்தி வைத்தாலும் வேகம் அதிகம் குறையாது, போதாவிட்டால் படம் திக்கித் திக்கி ஓடும். வி-சிங்க் என்பது படம் நடுவில் கிழிந்தாற்போல் தெரியாமல் இருக்க, மானிட்டரின் தாளத்துக்குக் கார்டைக் கட்டிப்போடுவது. பழைய முறை வி-சிங்க்கில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு நொடிக்கு 60 படம் தர முடியாத கார்டு நேராக 30-க்கு இறங்கிவிடும். "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுப்பா" என்று அப்பாவிடம் புதுக் கார்டுக்குக் காசு கேட்பவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பட்டனை மாற்றுவது மட்டும்தானோ!

இவ்வளவும் ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. கேம் தயாரிக்கும் இடத்தில் இதை எழுத ஒருவருக்கு எத்தனை நாள் ஆகும்?

பணம், நேரம் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். உடம்பும் இதில் இருக்கிறது. பார்வைக் கோணம் குறுகலாக இருந்தால் சிலருக்குத் தலைசுற்றி வாந்தி வரும். திரும்பும்போது படத்தை இழுத்து மங்கச் செய்யும் மோஷன் ப்ளரும் சிலருக்கு அப்படித்தான். இரண்டையும் மாற்ற செட்டிங் பல கேம்களில் இருக்கிறது, எதற்கு என்றுதான் எழுதியிருக்காது. அரை மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் "நமக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று முடிவு கட்டிவிடுவார். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதியில் 'டியூட்டரனோபியா, புரோட்டனோபியா, டிரைட்டனோபியா' என்று மூன்று பெயர் போட்டிருப்பார்கள். முதல் இரண்டும் சிவப்பு, பச்சைக் குழப்பம். மூன்றாவது நீலம், மஞ்சள் பக்கம். கண் டாக்டரிடம் போயே இராத பையனுக்கு இது எப்படித் தெரியும்?

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது நடந்தது இன்னும் மோசம். அதில் ஒரு காட்சியில் சிவப்பும் வெள்ளையும் படபடவென்று மின்னும். வெளியீட்டுக்கு முன் விமர்சனத்துக்காக விளையாடிய ஒரு பத்திரிகையாளருக்கு அதனால் வலிப்பு வந்தது. எச்சரிக்கை இல்லாமல் இல்லை, இருந்தது. எங்கே? யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போகும் உரிம ஒப்பந்தத்துக்குள்! விஷயம் வெளியே வந்த பிறகு தனி எச்சரிக்கையைச் சேர்த்தார்கள், சில நாட்களில் அந்த மின்னலையும் மாற்றினார்கள். அந்த ஒப்பந்தத்தில் இருந்த வரி நிறுவனத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது. விளையாடுபவரைக் காப்பதற்கு எழுதியிருந்தால் அது காட்சிக்கு முன்னால் இருந்திருக்கும். பெட்டியில் மிஞ்சிய அந்தத் துண்டுத்தாள் மட்டும் ஏன் மிஞ்சியது என்பதற்கும் இதுதான் விடை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, தரநிலை, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. பயன்படுத்தும் முறை அந்தப் பட்டியலில் இல்லை. பிரிவு 84-ல் இருக்கிறது: தீங்கு நேராதபடி சரியாகப் பயன்படுத்தப் போதிய அறிவுறுத்தல் இல்லாவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு. ஆனால் 'தீங்கு' என்றால் உடலுக்கு, அல்லது வேறு சொத்துக்கு. வெறும் பண நஷ்டம் அதில் சேராது. ஆக, குக்கர் வெடித்தால் வழக்குப் போடலாம். கேம் புரியாமல் நாலாயிரம் ரூபாய் வீணானால் போட முடியாது. கையேட்டைக் குக்கர்காரர் வைத்திருப்பதும் கேம்காரர் தூக்கியதும் தற்செயல் இல்லை போலிருக்கிறது. ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் செட்டிங்ஸைப் புரிந்துகொள்வதற்கே அந்த இரண்டு மணி நேரம் போய்விடுகிறதே!

"யூட்யூபில் தேடினால் கிடைக்காதா?" என்று கேட்பார்கள். கிடைக்கும். பிஜிஎம்ஐ மாதிரி மொபைல் கேம்களின் சென்சிட்டிவிட்டி, கைரோஸ்கோப் எண்களை விளக்கித் தமிழிலேயே வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. பையன்கள் அதைப் பார்த்து எண்களை அப்படியே காப்பியடிக்கிறார்கள். ஏன் அந்த எண் என்று தெரியாது, இன்னொருவர் போனுக்கும் விரலுக்கும் சரியான எண் தன் கைக்குச் சரியாக வராது என்பதும் தெரியாது. 'மைன்கிராஃப்ட்' 2011-ல் முழுமையாக வெளிவந்தது. எதை எதோடு சேர்த்தால் என்ன செய்யலாம் என்ற குறிப்பேடு கேமுக்குள் வந்தது 2017-ல். இடைப்பட்ட ஆறு வருடம் அந்தக் கையேட்டை எழுதிக் காத்தது ரசிகர்கள், சம்பளம் இல்லாமல். விற்றவர் செய்ய வேண்டிய வேலையை வாங்கியவர்கள் செய்தார்கள்.

"மர்மம்தானே சுவாரசியம்?" என்று இன்னொரு கேள்வி வரும். இது நல்ல கேள்வி. 'டார்க் சோல்ஸ்' (2011) எதையும் லேசில் சொல்லாது. விளையாடுபவர்களே தரையில் குறிப்பு எழுதி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டும். அது வேண்டுமென்றே போட்ட முடிச்சு, அவிழ்ப்பதில் சந்தோஷம் உண்டு. ஆனால் செட்டிங்ஸ் பக்கம் புதிர் அல்ல. வி-சிங்க் என்றால் என்ன என்று கண்டுபிடித்ததற்காக யாருக்கும் பாயிண்ட் கிடைப்பதில்லை.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் மற்றவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லாமல் செய்கிறது. 2015-ல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ 5', செட்டிங்கை மாற்ற மாற்ற எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்று பட்டையில் காட்டியது. 2019-ல் வந்த 'கியர்ஸ் 5' ஒவ்வொரு செட்டிங்கும் எதைப் பாதிக்கும், எவ்வளவு பாதிக்கும் என்று பக்கத்திலேயே எழுதியது. 2020-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகளை விளக்கத்தோடு தந்தது. இதற்காக ஒரு மரம் கூட வெட்டப்படவில்லை!

2022-ல் 'டியூனிக்' என்று ஒரு கேம் வந்தது. அதில் ஒரு குட்டி நரி, சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கும். என்ன பக்கங்கள் தெரியுமா? அந்த கேமின் கையேட்டுப் பக்கங்கள். பழைய நின்டெண்டோ புத்தகம் போலவே வரைபடமும் பேனாக் கிறுக்கலுமாக அழகாக வரைந்திருப்பார்கள். முன்பு பெட்டியோடு சும்மா வந்த ஒன்று, இப்போது தேடிக் கண்டெடுக்கும் புதையலாகிவிட்டது. ரசிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அடுத்த வாரம் வேறொரு கேமைத் திறந்து, "அண்ணா, இது என்னண்ணா?" என்று கேட்கப்போகும் தம்பிக்குப் புதையல் வேண்டாம். ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்திலும் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.