தேரி மண்ணின் பனைத் தொழில்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. பெய்த மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் இந்த மணலில் நெல் நிற்பதில்லை. வறட்சியைத் தாங்கும் பனை நிற்கிறது. ஆகவே இங்கு வயலின் இடத்தைப் பனங்காடும், ஏரின் இடத்தைப் பாளை அரிவாளும் பிடித்துக்கொண்டன. ஊரின் வேலை, உணவு, விழா மூன்றும் இந்த ஒரே மரத்தைச் சுற்றியே அமைந்தன.

பாளை விடும் காலமே தொழில் காலம். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிவரை பனையேறி விடியுமுன் காட்டுக்குப் போய்விடுகிறார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, காலில் தளைநார் பூட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு ஏறுகிறார். ஆண்மரம் அலகுப்பனை, பெண்மரம் பருவப்பனை. இரண்டின் பாளையும் பதநீர் தரும். ஆனால் கடிப்பு என்னும் கருவியால் நசுக்கிப் பக்குவப்படுத்தும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. பக்குவமான பாளையின் நுனியை அன்றாடம் மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டுகிறார்கள். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் ஊற்று அடைத்துவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் இறக்கவும் மாலையில் சீவவும் ஒரே மரத்தில் நாளுக்கு இருமுறையாவது ஏற வேண்டும்.

மரத்தடியோடு ஆணின் வேலை முடிய, அடுப்படியில் பெண்ணின் வேலை தொடங்குகிறது. விடிலி எனப்படும் ஓலைக் கொட்டகையில் பதநீரை வடிகட்டிப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள். காய்ந்த ஓலையும் மட்டையுமே விறகு. பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவதும் உண்டு. பாகு இறுகிக் கூப்பனியானதும் துளியைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார்கள். பதம் குறைந்தால் கருப்பட்டி இளகிப்போகும், மிஞ்சினால் கசக்கும். சரியான பதத்தில் இறக்கித் துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும்.

பாளை ஓய்ந்த மாதங்களில் ஓலை வேலை நடக்கிறது. குருத்தோலையில் கொட்டானும் பெட்டியும், நாரில் கட்டிலும் பின்னுகிறார்கள். திருக்கார்த்திகையில் ஓலைக்குள் மாவு வைத்து அவித்த கொழுக்கட்டை வீடுதோறும் மணக்க, கோயில் வாசலில் சொக்கப்பனை எரிகிறது. பொங்கலன்று பனை ஓலை எரித்தே பானை பொங்குகிறது. பக்கத்தில் பனங்கிழங்கு படைக்கப்படுகிறது.

இத்தகைய தொழில் இன்று தேய்ந்துவருவதற்குக் காரணங்கள் பல. செங்கல் சூளைகளுக்காகப் பனைகள் வெட்டப்பட்டன. கள் இறக்க 1987 முதல் தடை இருப்பதால் பதநீரும் கருப்பட்டியுமே வருமானம். சர்க்கரை கலந்த மலிவுக் கருப்பட்டி சந்தையில் புகுந்து அசலின் விலையைக் கெடுத்தது. வழுக்கி விழுந்தால் உயிரே போகும் வேலை என்பதால் படித்த பிள்ளைகளை மரத்தில் ஏற்றப் பெற்றோரும் விரும்புவதில்லை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவை மரத்துக்கும் பெயருக்கும் காவல். ஏறும் ஆளைக் காப்பது விலை மட்டுமே. கலப்படமில்லாத கருப்பட்டிக்கு உழைப்புக்கேற்ற விலை கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை தளைநாரைக் கையில் எடுக்கும்.