வயசு தெரிஞ்சா போதும், ஆளே தெரியணுமா?

"ஒரு செல்ஃபி எடுங்க, உங்க வயசை நாங்களே கணிச்சுக்கறோம்."

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்த்தே ஆகணும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருந்தா இன்ஸ்டாகிராம், டிக்டாக்கில் கணக்கே கிடையாது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளைக் காப்பாத்தணும்தான்.

ஆனா வயசைக் கணிக்கறது எங்க வேலையும்கூட மக்களே. போலீஸ் அழைச்சிட்டு வர்ற பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லைன்னா, பல்லை எண்ணி, மணிக்கட்டு, முழங்கை, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நுனி ஒட்டிடுச்சான்னு பார்ப்போம். அப்பவும் 17னு ஒத்தை எண் எழுத மாட்டோம். "16க்கு மேல், 18க்குள்"னுதான் எழுதுவோம். எக்ஸ்ரே கணிப்பில் முன்னே பின்னே 2 வருஷம் பிழை வரலாம்னு 1982லேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

எலும்புக்கே இந்த நிலைமை. மீசை முளைச்ச 15 வயசுப் பையனையும் மழமழன்னு ஷேவ் பண்ணின 19 வயசுக்காரனையும் செல்ஃபி எப்படிப் பிரிக்கும்?

சந்தேகம் வந்தா அடுத்து ஐடி கார்டு கேட்பாங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டியது 18 ஆச்சா இல்லையா, அவ்வளவுதான். நாம கொடுக்கறதோ பேரு, முகம், பிறந்த தேதி, விலாசம்.

2025 அக்டோபரில் டிஸ்கார்ட் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. வயது விஷயத்தில் மேல்முறையீடு செஞ்சவங்க அனுப்பின அரசு அடையாள அட்டைப் படங்கள், சுமார் 70,000 பேரோடது, வெளி நிறுவனம் ஒண்ணு வழியா கசிஞ்சிருக்கலாம்னு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். பிறந்த தேதியை எங்க போய் மாத்தறது?

எனக்கு இன்னொரு கவலை. ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்க, தெரிஞ்சவங்க கண்ணில் படக்கூடாதுன்னு ரெண்டு பஸ் மாறி நம்பிக்கை மையத்துக்கு வர்றவங்க இருக்காங்க. அவங்க முதல்ல சந்தேகம் கேட்கறது போன்கிட்டதான். அங்கேயும் ஐடி கேட்டா, கேட்காமலே இருந்துடுவாங்க.

நம்ம நாட்டிலும் வருது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18க்குக் கீழே உள்ளவங்க தரவைக் கையாள பெற்றோர் சம்மதம் வேணும். சம்மதம் தர்றவர் வயது வந்தவர்தானான்னும் பார்க்கணும். ஆக, பிள்ளைக்காக அப்பா அம்மாவோட ஐடியும் போகும். விதிகள் 2025 நவம்பரில் வந்தாச்சு. இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாசம் அவகாசம்.

அதே விதிகளில் டிஜிலாக்கர் மாதிரி சேவை வழியா டோக்கன் கொடுக்கவும் இடம் இருக்கு. அந்த வழி திரையில் தெரிஞ்சா அதையே தேர்ந்தெடுங்க. ஆதார் அட்டையைப் போட்டோ பிடிச்சு ஏத்தாதீங்க.