500 ரூபாய் அபராதம்: கட்டுவதா, கேட்பதா?

பெரம்பலூர் பக்கத்துக்காரர்களுக்கு ரயில் என்றால் அரியலூர்தான். மாவட்டத் தலைநகராக இருந்தாலும் பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாகத்தான் போகிறது. அதனால் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் அரியலூரில் ஏதாவது ஒரு ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறுவது வழக்கம்.

குன்னம் வட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் விவசாயி ஒருவரும் அப்படித்தான் செய்தார். சென்னையில் மகளுக்குப் பிரசவம். மனைவியோடு போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே திரும்பிவிடுவதாகக் கணக்கு. ஸ்டாண்டில் 'ஒரு நாள்' என்று சொல்லி டோக்கன் வாங்கினார். போன இடத்தில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று மருத்துவமனையில் வைத்துவிட்டார்கள். திரும்பி வர நான்காம் நாள் ஆகிவிட்டது. சட்டைப் பையைத் துழாவினால் டோக்கனைக் காணோம்.

ஸ்டாண்டில் இருந்த பையன் கணக்குப் போட்டான். "அண்ணே, நாளுக்கு 15 ரூபாய், நாலு நாளுக்கு 60. டோக்கன் தொலைச்சதுக்கு 200. சொன்ன நாளுக்கு மேல மூணு நாள் நிறுத்தினதுக்கு 300. மொத்தம் 560."

கையில் அவ்வளவு இல்லை. 60 ரூபாயை வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஈடாக ஆர்.சி.யை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 'அபராதம் 500' என்று பேனாவால் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஸ்டாண்டின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. "ஒரு வாரத்துக்குள்ள கட்டிடுங்க. இல்லன்னா போலீஸுக்குப் போயிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் அன்று ராத்திரி அதே பேச்சுதான்.

"ஏங்க, தப்பு நம்ம மேலயும் இருக்கே. ஒரு நாள்னு சொல்லிட்டு நாலு நாள் போட்டோம். டோக்கனையும் தொலைச்சோம். பேரன் பொறந்த நேரத்துல எதுக்கு வம்பு? கட்டிட்டு வாங்கிட்டு வாங்க" என்றார் மனைவி.

"ஒத்த ரூபாய் கொடுக்கக் கூடாதுப்பா. கேஸ் போடுவோம்" என்றான் கல்லூரியில் படிக்கும் மகன்.

இரண்டும் அவருக்குச் சரியாகப்பட்டன, இரண்டும் தவறாகவும்பட்டன. 500 ரூபாய் என்றால் ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியா. மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட வேண்டிய நேரம். சும்மா விடவும் மனசில்லை, கேஸ் என்று அலையவும் நேரமில்லை.

மறுநாள், கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னார். பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏன் தம்பி, வயல்ல பூச்சியைப் பார்த்ததும் மருந்து அடிச்சிடுவியா? முதல்ல எண்ணிப் பார்ப்பே இல்ல?"

விவசாயிக்குப் புரிந்தது. நெல்லில் தண்டு துளைப்பான் இருக்கிறது என்பதற்காக உடனே மருந்து அடிப்பதில்லை. நடுக்குருத்து காய்ந்த தூர்கள் 10 சதவீதத்தைத் தொட்டால்தான் அடிக்கச் சொல்வார்கள். அதற்குப் பெயர் பொருளாதார சேத நிலை. அதற்குக் கீழே அடித்தால் மருந்துக் காசு தண்டம். அதற்கு மேலே போயும் சும்மா இருந்தால் விளைச்சல் போய்விடும். அபராதச் சீட்டுக்கும் அதே கணக்குதான். பெரியவர் மூன்று விஷயங்களை எண்ணச் சொன்னார்.

முதலாவது, பணம் கேட்பது யார்? அரசு போடும் அபராதம் வேறு, தனியார் கேட்கும் பணம் வேறு. போக்குவரத்துப் போலீஸ் போடும் சலானில் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு, வண்டி எண், தேதி எல்லாம் இருக்கும். அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதிமன்றத்தில் சொல்லலாம். பேசாமல் விட்டுவிடக் கூடாது. தனியார் ஸ்டாண்டுக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. 'அபராதம்' என்று அவர்கள் எழுதினாலும், அது இரண்டு பேருக்கு இடையில் உள்ள பணக் கணக்குதான். பணம் கொடுத்து நிறுத்திய வண்டிக்குப் பாக்கி இருக்கிறது என்பது போக்குவரத்துக் குற்றம் ஆகாது.

இரண்டாவது, அந்தத் தொகையை முன்கூட்டியே சொன்னார்களா? இங்கிலாந்தில் செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவர், 2 மணி நேரம் இலவசம் என்றிருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகக் காரை நிறுத்திவிட்டார். 85 பவுண்டு கேட்டார்கள். அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அங்கே தொகையைப் பெரிய எழுத்தில், கண்ணில் படும்படி பல பலகைகளில் எழுதி வைத்திருந்தார்கள். நம் நாட்டில் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இதற்கு வருகிறது. இருவரும் ஒப்புக்கொண்ட தொகை ஒன்று இருந்தாலும், அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்கிறது அது. முன்னால் எந்தத் தொகையையும் சொல்லவில்லை என்றால், உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். கூடுதலாக நின்ற மூன்று நாளுக்கும் 15 ரூபாய் வாங்கியாகிவிட்டது. பிறகு 300 ரூபாய் நஷ்டம் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது, எதிர்த்துக் கேட்க என்ன செலவாகும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் அரியலூரில் நடந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பெரம்பலூரிலேயே கொடுக்கலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். காசு செலவு குறைவுதான். ஆனால், வாய்தா வாய்தாவாகப் போகிற நாள் செலவு உண்டு. களை எடுக்கிற நாளில் ஆணையத்தில் உட்கார்ந்திருந்தால் 500 ரூபாய்க்கு மேலேயே போய்விடும்.

"ஆர்.சி. அவங்ககிட்ட இருக்கேன்னு பயப்படாதே. டிஜிலாக்கர்லயோ எம்-பரிவாகன்லயோ இருக்கற ஆர்.சி.யைக் காட்டினாலே செல்லும். அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டாதே. டோக்கனைத் தேடு. அதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்றார் பெரியவர்.

டோக்கன் கிடைத்தது. சென்னைக்குக் கொண்டுபோன பையில், மனைவியின் சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு மடிந்து கிடந்தது. 'ஒரு நாளைக்கு ரூ.15. டோக்கன் தொலைந்தால் ரூ.50. ஆர்.சி. காட்டி வண்டி எடுக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. நாள் கூடினால் அபராதம் என்ற பேச்சே அதில் இல்லை.

மகன் துள்ளினான். "இப்ப டோக்கனும் இருக்குப்பா, 50-ம் கொடுக்க வேண்டாம்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி எடுத்த அன்று டோக்கன் காட்டாதது உண்மை. அவர்களும் ஆர்.சி.யைப் பார்த்து, பதிவேட்டில் எண்ணைத் தேடித்தான் வண்டியைக் கொடுத்தார்கள். 50 ரூபாய் என்று முன்னாலேயே சொல்லியும் இருக்கிறார்கள். ஆகவே 50 கொடுப்பது, 500 கொடுக்காதது என்று முடிவெடுத்தார். மனைவி சொன்னதிலும் பாதி, மகன் சொன்னதிலும் பாதி.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். வண்டி எண், நிறுத்திய நாள், எடுத்த நாள், கொடுத்த 60 ரூபாய், டோக்கனில் உள்ள வாசகம், துண்டுச்சீட்டில் கேட்ட தொகை எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். '50 ரூபாய் தரத் தயார். ஆர்.சி.யைத் திருப்பித் தரவும். 500 ரூபாய்தான் வேண்டும் என்றால் எந்த விதிப்படி என்று எழுதி, ரசீது தரவும்' என்று முடித்தார். டோக்கனையும் துண்டுச்சீட்டையும் நகல் எடுத்து இணைத்தார். நேரில் கொடுத்தும் வாங்காவிட்டால் விரைவுத் தபாலில் அனுப்புவது, அதற்கும் பதில் இல்லாவிட்டால் 1915, அதற்குப் பிறகுதான் ஆணையம். இப்படிப் படிப்படியாகத் திட்டம் வைத்துக்கொண்டார்.

அரியலூருக்கு வேறு வேலையாகப் போகும் நாள் வரை காத்திருந்தார். இதற்கென்று ஒரு நாளைக் கெடுக்கவில்லை. ஸ்டாண்டில் அன்றைக்குக் குத்தகைக்காரரே இருந்தார். கடிதத்தைப் படித்தார், டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசங்க கூடக் கேட்டுட்டாங்க போலிருக்கு. ஆனா, ஒரு நாள்னு சொல்லிட்டு நாலு நாள் போட்டா, வண்டிக்கு என்ன ஆச்சோன்னு எங்களுக்கும் பயம்தானே? திருட்டு வண்டியை விட்டுட்டுப் போறவனும் இருக்கான்."

"நியாயம்தாங்க. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றார் விவசாயி.

50 ரூபாய்க்கு ரசீது கிடைத்தது. ஆர்.சி.யும் கைக்கு வந்தது. குரல் உயரவில்லை. ரசீது எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட இடத்திலேயே 500 ரூபாய் பேச்சு நின்றுபோனது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்வதற்கில்லை. டோக்கனில் 500 ரூபாய் என்று அச்சிட்டிருந்தாலோ, பலகையில் பெரிதாக எழுதியிருந்தாலோ, கணக்கு வேறு மாதிரி போயிருக்கும். அப்போது கொஞ்சம் குறைத்துக் கேட்டு, கட்டிவிட்டு வருவதுகூட புத்திசாலித்தனமாக இருந்திருக்கலாம்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டார்: "அடுத்த மாசம் பேரனுக்குப் பேர் வைக்கப் போகணுமே. வண்டியை எங்க போடப் போறீங்க?"

"அங்கதான். டோக்கனை வாங்கினதும் ரெண்டு பக்கமும் போன்ல படம் எடுத்துக்குவேன். அவங்க நம்பரையும் வாங்கிக்குவேன்" என்றபடி மம்பட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார். மேலுரம் போட அன்றே ஈரம் சரியாக இருந்தது.