வெளிநாட்டுக்காரருக்கு ஒரு ஓட்டுவீடு

ஜப்பானில் வீடு சும்மா கிடைக்கிறதாம் என்று ஒரு காணொளி சில மாதங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். மரத்தூண் வைத்த பழைய வீடு, கல் பாவிய நடை, பின்னால் மூங்கில் தோப்பு. விலை நம்மூரில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் பணம்தான். "ஆபீஸ்ல இருந்தவராச்சே சார், இது நிஜமா?" என்று கேட்டார்கள்.

நிஜம்தான். 2023-இல் அந்த நாட்டு அரசு எடுத்த கணக்கில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. நூற்றுக்குப் பதின்மூன்று வீட்டுக்கு மேல். அவற்றை அங்கே 'அக்கியா' என்கிறார்கள். பிள்ளைகள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள், பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள், வீடு நிற்கிறது. வெளிநாட்டவர் நிலமும் வீடும் வாங்கக் குடியுரிமைத் தடை இல்லை. ஆனால் காணொளியில் சொல்லாதவை சில உண்டு. வீடு வாங்கியதால் அங்கே தங்கும் விசா வந்துவிடாது. 1981-இல் பூகம்பத்துக்கான கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்கு முன் கட்டிய வீட்டை உறுதிப்படுத்த ஆகும் செலவு, வாங்கிய விலையைவிடப் பல மடங்கு போகலாம். வருடா வருடம் சொத்து வரியும் உண்டு.

இதே கேள்வியை நம் கரையில் வைத்துப் பார்ப்போம். வெளிநாட்டவர் ஒருவர் நாகப்பட்டினம் பக்கம் பழைய வீடு ஒன்றைச் சல்லிசாக வாங்க முடியுமா?

வெளிநாட்டவர் நமக்குப் புதியவர்கள் அல்ல. ராஜராஜன் காலத்திலேயே, 1006 வாக்கில், கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைச் சோழன் எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேடுகளைத்தான் லெய்டன் செப்பேடுகள் என்கிறோம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். கோட்டை கட்டிக்கொண்டாலும் தஞ்சைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிவந்தார்கள். 1845-இல் அதையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள்.

இப்போது என் வகுப்புத் தோழர் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். காரைக்காலில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சில் பாடம் படித்தவர்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். அவருடைய அப்பா எழுதிக்கொடுத்தார். என் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் அப்போது அரைக்கால் சட்டை வயது. அவர் வளர்ந்து சொல்தாவாகப் போனார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றார். நான் குமாஸ்தாவாகி ஃபைல் கட்டினேன்.

மனைவி போன பிறகு அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஊரோடு வந்துவிட வேண்டும், முற்றம் வைத்த ஓட்டுவீடு வேண்டும், அதுவும் அவருடைய அம்மா பிறந்த நாகப்பட்டினத்தில் வேண்டும் என்றார். "எனக்கு எழுபத்தாறுப்பா. இன்னும் பத்து வருஷம் இருந்தா அதிகம். அதை மொட்டை மாடிக்குக் கீழே இருந்து கழிக்க மாட்டேன்" என்றார்.

முதலில் சட்டத்தைச் சொன்னேன். 1999-ஆம் வருடத்து அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் விதிகளும்தான் இதற்கு ஆதாரம். இந்திய வம்சாவளி இல்லாத வெளிநாட்டவர், வெளியிலிருந்துகொண்டு இங்கே வீடு வாங்க முடியாது; ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். சுற்றுலா விசாவில் வந்து வாங்கவும் முடியாது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா முதலிய சில நாட்டுக் குடிமக்களுக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஆனால் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் வீடோ கடையோ வாங்கத் தடை இல்லை. 1947-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் அந்த அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள். காரைக்கால்காரர்கள் அதில் வருகிறார்கள். நண்பரிடம் அட்டை இருந்தது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை ஓ.சி.ஐ.காரர் விலைக்கு வாங்கக்கூடாது. இங்கே வசிக்கும் சொந்தக்காரரிடமிருந்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தாத்தா வயல் பேரனுக்கு வரும். பக்கத்து வயலைப் பேரன் வாங்க முடியாது. பணமும் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். யூரோ நோட்டைப் பையில் கொண்டுவந்து எண்ணிக் கொடுக்க முடியாது.

தரங்கம்பாடியைத்தான் முதலில் போய்ப் பார்த்தோம். ராஜ வீதியில் நடந்தபோது அவருக்கு ஒரே சந்தோஷம். கவர்னர் பங்களாவையும் வேறு சில பழைய வீடுகளையும் சுண்ணாம்புக் காரை பூசிப் புதுப்பித்திருக்கிறார்கள். ஆனால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் அங்கே குறுக்கே வரும். சுவரைப் பிரித்துக் கட்டுவதற்குக்கூட அனுமதி தேட வேண்டியிருக்கும். 2004 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பதினான்காம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயிலையே கடல் பாதி தின்றிருக்கிறது. அவரும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வண்டியில் ஏறினார்.

நாகையில் மூன்று வீடு பார்த்தோம்.

முதல் வீடு விலை மிகவும் குறைவு. திண்ணை, ரேழி, முற்றம், கிணறு எல்லாம் இருந்தது. குறைந்த விலைக்குக் காரணம் பத்திரத்தில் இருந்தது. வீடு மட்டும்தான் அவர்களுடையது, அடிமனை கோயிலுக்கு. நம் டெல்டாவில் இது சர்வ சாதாரணம். கோயிலுக்குத் தரைவாடகை கட்டிக்கொண்டு நாலு தலைமுறை குடியிருப்பார்கள். அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மண்ணை விற்றால் அந்த விற்பனை செல்லாது. தரகர் இதைக் கடைசி வரை வாயைத் திறந்து சொல்லவில்லை.

இரண்டாவது வீடு ஊருக்குச் சற்று வெளியே. பின்பக்கம் தென்னை பதினைந்து. நண்பருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடங்கலை வாங்கிப் பார்த்தேன். வீடு நிற்கும் இடம் நத்தம். தென்னை நிற்கும் இடம் இன்னும் புஞ்சை. உள்ளூர்க்காரர் என்றால் கவலையில்லாமல் வாங்கலாம். இவருக்கு அந்தப் பதினைந்து தென்னை சட்டவிரோதம். "காரைக்கால்ல பொறந்தவன் தென்னந்தோப்பு வாங்கக்கூடாதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது வெளிப்பாளையத்தில். நாட்டு ஓடு, தேக்கு உத்தரம், முற்றத்தைச் சுற்றி நாலு தாழ்வாரம். மனை சொந்த மனை. நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் சரியாக இருந்தது, ஆனால் அந்தப் பெயருக்குரியவர் காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் நாகைக்கும் போய்வந்து சம்பாதித்துக் கட்டியவர். வாரிசுகள் ஐந்து பேர். மூன்று பேர் இங்கே, ஒருவர் சென்னையில், கடைசி மகள் மலேசியாவில். பெயர் மாற்றவில்லை, பாகப்பிரிவினை இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. வடகிழக்கு மூலையில் ஓடு சரிந்து, இரண்டு மழைக்காலமாகத் தண்ணீர் உத்தரத்தில் இறங்குகிறது.

நண்பர் இந்த வீட்டைத்தான் பிடித்துக்கொண்டார். பிரான்சில் சொத்து வாங்கினால் நொத்தேர் ஒருவர் மூலப்பத்திரம் வரை தேடிப் பார்த்து, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். அந்த ஞாபகத்தில், "சார்பதிவாளர் பதிஞ்சு கொடுத்தா சரியாத்தானே இருக்கும்?" என்றார். இங்கே அப்படியில்லை. பதிவு என்பது பத்திரம் எழுதப்பட்டதற்குச் சாட்சியே தவிர, விற்றவர்தான் சொந்தக்காரர் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. அதைத் தேடிப் பார்ப்பது வாங்குகிறவர் தலையில். அதனால் நான் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அடமானம் ஏதும் இல்லை. வாரிசுச் சான்றுக்கு மனுப்போடச் சொன்னேன். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் விலைக்கு மேலே எடுத்து வைக்கச் சொன்னேன்.

நாலு பேர் சம்மதித்துவிட்டார்கள். மலேசியாவில் இருக்கும் மகள் தனியாக இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். அவர் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். அவரோ, "அத்தா கட்டின வீடு. என் கையெழுத்துல அது போக வேணாம்" என்கிறார். போனில் நானும் பேசினேன். விலை போதவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முற்றத்தில் ஊஞ்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கொக்கிதான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

அவரை நெருக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பாஸ்போர்ட் மலேசியா, இவர் பாஸ்போர்ட் பிரான்ஸ். இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே ஒரு நாகப்பட்டினத்து வீடு. ஒருவர் விட மாட்டேன் என்கிறார், இன்னொருவர் அங்கேதான் இருப்பேன் என்கிறார். இரண்டு பேர் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டின் வழியாக இறங்கும் தண்ணீருக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

ஜப்பானில் இந்த நோய்க்கு ஒரு மருந்து கண்டிருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 1 முதல், சொத்து தன் பங்குக்கு வந்தது தெரிந்த மூன்று வருடத்துக்குள் வாரிசுகள் அதைத் தங்கள் பெயரில் பதிந்தாக வேண்டும், தவறினால் அபராதம். செத்தவர் பெயரில் கிடக்கும் வீட்டை விற்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் ஆள் வராது, கடைசியில் தெருவுக்கே ஆபத்து என்பதை அவர்கள் லட்சக்கணக்கான வீடுகளில் பார்த்துவிட்டார்கள்.

நமக்கு அப்படி ஒரு கெடு இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நாளைக்கே எடுத்துப் பாருங்கள். அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், சகோதர சகோதரிகள் எல்லோரும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிந்துவிடுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்தால் இன்னும் அவசரம். விற்பதற்காகச் சொல்லவில்லை. வீடு நிற்பதற்காகச் சொல்கிறேன்.

நண்பர் இப்போது அதே தெருவில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். போன வாரம் வாரிசுகளிடம் அனுமதி கேட்டு, கொத்தனாரைக் கூட்டிப்போய் அந்த வடகிழக்கு மூலையில் தன் செலவில் ஓடு மாற்றிவிட்டார். இன்னும் வாங்காத வீட்டுக்கு எதற்குச் செலவு என்று கேட்டேன். "ஐப்பசி வருதுல்ல" என்றார்.