பந்தைத் தேர்ந்துகொண்டவர்

பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துத் திரையில் பந்தைத் துரத்தத் தொடங்கிவிட்டால், “எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தானோ!” என்று நாம் சலித்துக்கொள்வதுண்டு. அப்புண்ணியவான்களுள் மிக முந்தியவர்களில் ஒருவர் வில்லியம் ஹிகின்பாத்தம். அமெரிக்க நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஒருவரின் மகன்.

நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. அணு ஆராய்ச்சி நிலையம் என்றால் அக்கம்பக்கத்தார்க்கு அச்சம் இருக்கத்தானே செய்யும்? ஆகவே ஆண்டுதோறும் பொதுமக்களை உள்ளே அழைத்துக் காட்டி வந்தனர். அசையாத கருவிகளையும் படங்களையும் கண்டு வந்தவர்கள் கொட்டாவி விட்டனர். கருவியியல் பிரிவின் தலைவராயிருந்த ஹிகின்பாத்தம் அவர்களுக்கென 1958 அக்டோபரில் ஒரு விளையாட்டை அமைத்தார்.

அங்கே சிறு கணிப்பொறி ஒன்று இருந்தது. எண்களைக் கொண்டு கணக்கிடும் இக்காலப் பொறியன்று அது. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே அதன் கணக்கு. நிரல் எழுதித் தரும் வழக்கமும் அதற்கு இல்லை. எந்தக் கம்பியை எதனோடு இணைக்கிறோமோ அதுவே கட்டளை. (துளையிட்ட நாடாவில் நிரல் அமைத்துக் கணிப்பொறியை விளையாடச் செய்யும் வித்தையை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டக்ளஸ் என்பவர் 1952இலேயே செய்து காட்டியிருந்தார்.) தோட்டா, ஏவுகணை, துள்ளும் பந்து ஆகியவை செல்லும் பாதையைக் கணக்கிடும் முறை அப்பொறியின் கையேட்டில் இருந்தது. ஹிகின்பாத்தம் பந்தைத் தேர்ந்துகொண்டார்.

ஐந்து அங்குல வட்டத் திரை. தரைக்கு ஒரு கோடு, வலைக்கு ஒரு சிறு கோடு, இங்குமங்கும் பாயும் ஓர் ஒளிப்புள்ளி. குமிழைத் திருகினால் பந்தின் கோணம் மாறும். பொத்தானை அழுத்தினால் அடி விழும். யார் வென்றார் என்ற கணக்கு மட்டும் கிடையாது. மக்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றனர். மறு ஆண்டு, சந்திரனிலும் வியாழனிலும் ஆடினால் பந்து எவ்வாறு விழும் என்பதையும் சேர்த்துக் காட்டினார். பின்னர் எல்லாம் பிரித்தெடுக்கப்பட்டன. காப்புரிமை எதுவும் அவர் கோரவில்லை.

இதே மனிதர்தாம் போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் மின்னணுப் பிரிவின் தலைவராயிருந்து, முதல் அணுகுண்டை நொடி பிசகாமல் வெடிக்கச் செய்யும் மின்சுற்றுகளை உருவாக்கியவர். 1945 ஜூலை 16 அன்று பாலைவனத்தில் அது வெடித்ததை நேரில் கண்டார். ஆகஸ்ட் 9 அன்று அதே வகைக் குண்டு நாகசாகியில் விழுந்தது. உராகாமிப் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனத்திற்குக் கூடியிருந்த நம் சகோதரர் ஒருவரும் உயிர் தப்பவில்லை.

போர் ஓய்ந்த சில மாதங்களில் ஹிகின்பாத்தம் வாஷிங்டன் நகர் சென்றார். அறிவியலார் கூட்டமைப்பு ஒன்றின் முதல் தலைவராகி, அணுசக்தி படைத்துறையின் பிடியில் இருத்தலாகாது என்று சட்டம் இயற்றுவோரிடம் வாதாடினார். 1946இல் அவ்வாறே சட்டம் பிறந்தது. முதுமையிலும் அவர் ஓயவில்லை. அணுகுண்டுக்கான மூலப்பொருள் கணக்கில் தவறி வேற்றுக் கைகளுக்குப் போகாதபடி காப்பதே அவர் வேலையாயிற்று. மனச்சான்று ஏவிய பணி என்றே நாம் இதைக் கருதுகிறோம். ஆனால் அதைக் காண எவரும் வரிசையில் நிற்கவில்லை.

1994 நவம்பரில் அவர் காலமானார். உலகம் அவரை நினைப்பது பெரும்பாலும் அந்த ஒளிப்புள்ளிக்காகவே. தம் தந்தை நினைக்கப்பட விரும்பியது அணு ஆயுதப் பரவலைத் தடுக்க ஆற்றிய தொண்டுக்காகத்தான் என்றும், அவரைப் பற்றி எழுதுவோர் அதை விட்டுவிடலாகாது என்றும் அவருடைய மகன் பின்னாளில் கேட்டுக்கொண்டார். ஆகவே நாமும் எழுதினோம்.